நடுக்கட்டத்துச் சிவப்பு

காரைக்குடியில் ரவிக்கை தைப்பவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். இருந்தாலும் கல்யாணம் என்று வந்துவிட்டால் திருப்பத்தூரிலிருந்தும் நாட்டரசன்கோட்டையிலிருந்தும் பெண்கள் பஸ் ஏறி சேவுகனைத் தேடி வருவார்கள். தோள் இறங்காது, அக்குளில் சுருக்கம் விழாது, சொன்ன தேதிக்குக் கையில் கிடைக்கும். இருபத்தெட்டு வருஷத்தில் சம்பாதித்த பெயர் அது. வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு மெஷின்கள் உண்டு. ஒன்றில் சேவுகன் தைப்பார். மற்றது முகூர்த்த மாதங்களில் ஆள் வைத்துக்கொள்கிறபோது ஓடும், மற்ற நாட்களில் மூடிக் கிடக்கும். மனைவி புஷ்பவள்ளி தரையில் பாய் விரித்து உட்கார்ந்து கொக்கி கட்டுவாள், விளிம்பை மடித்துக் கையால் தைப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் ஏற்பாடு. அதில் ஒரு குறை இருப்பதாக இருவருமே நினைத்ததில்லை. சேவுகன் நினைத்ததில்லை என்று சொல்வதுதான் சரி.

அந்த வருஷம் தீபாவளி முடிந்து வேலை ஓய்ந்த வாரத்தில் மூன்று மூட்டை வெட்டுத்துணி சேர்ந்திருந்தது. வழக்கமாக ஒர்க்‌ஷாப்காரர்கள் எண்ணெய் துடைக்க வாங்கிப் போவார்கள். இந்த முறை புஷ்பவள்ளி ஒரு மூட்டையை அவிழ்த்துக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். போனில் எதையோ பார்த்திருக்கிறாள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை நாலரை இஞ்ச் சதுரமாக வெட்டி, அதைத் துணிமேல் வைத்துக் கோடு கிழித்து, ஒன்பது துண்டு எடுத்தாள். நாலு மூலைக்கும் நடுவுக்கும் அழுத்தமான நிறம், இடையில் வருகிற நாலுக்கும் வெள்ளை. மும்மூன்றாகச் சேர்த்து மூன்று வரிசை தைத்தாள். பிறகு வரிசைகளை ஒன்றோடொன்று இணைத்தாள். மூடிக் கிடந்த மெஷினில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தபோது அவள் கையில் ஓரடிக்கு ஓரடி ஒரு கட்டம் இருந்தது. தரையில் பதித்த ஆத்தங்குடிப் பூக்கல் ஒன்றைப் பெயர்த்தெடுத்துத் துணியாக மாற்றியது போல.

சேவுகனுக்கு முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. நேர்த்தையல்தானே, கை பழகட்டும் என்று விட்டுவிட்டார். கழுத்து வளைவும் கைக்குழியும் தைக்கிறவனுக்குச் சதுரம் ஒரு வேலையா. புஷ்பவள்ளி தினம் ஒன்றாகத் தைத்து அடுக்கினாள். திருப்பத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் சத்தியப்பிரியா அதன் போட்டோவை எல்லாருக்கும் அனுப்பி வைத்தாள். மாப்பிள்ளை போன் செய்து அத்தையிடம் கொடுங்கள் என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் மாப்பிள்ளை அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. சேவுகன் போனை நீட்டிவிட்டு ஊசிக்கு நூல் கோத்தார். இரண்டு தடவை தவறியது.

மானகிரியில் தன் மாமனாரின் பெரிய வீட்டைச் சீர்படுத்தி வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற விடுதியாக நடத்திக்கொண்டிருந்த சௌபர்ணிகா, மார்கழி பிறப்பதற்கு முன் ஒரு நாள் ரவிக்கை வாங்க வந்தாள். முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். இருந்தாலும் அந்த வீட்டு மருமகள் என்பதால் எல்லாருக்கும் ஆச்சி. அவளுடைய ரவிக்கை சுலபமான வேலை இல்லை. முதுகில் பதினாறு சின்னப் பட்டன்களும் அதற்கேற்ற வளையங்களும் வைத்து, மூன்று நாள் மெனக்கெட்டிருந்தார் சேவுகன். விரித்துக் காட்டினார். அவள் ஒரு பார்வை பார்த்து, நல்லாருக்கு மாஸ்டர் என்று பையில் போட்டுக்கொண்டாள். பிறகு மற்ற மெஷினின் மேல் அடுக்கியிருந்த கட்டங்களின் பக்கம் அவள் பார்வை போயிற்று.

"இது யாரு செஞ்சது?"

புஷ்பவள்ளி பாயிலிருந்து எழுந்து நின்றாள். சௌபர்ணிகா கட்டத்தைக் கையில் எடுத்தாள், வெளிச்சத்தில் பிடித்தாள், திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள், நாலு துண்டுகள் சந்திக்கிற மூலையில் விரல் நுனியை வைத்துத் தடவினாள். அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கட்டிலின் கால்மாட்டில் குறுக்காகப் போடுகிற விரிப்பு, நீளவாக்கில் ஏழு கட்டம், அகலத்துக்கு இரண்டு. முதலில் ஒரு அறைக்கு. பிடித்தால் மீதிக்கும். பழைய வீட்டுத் தரை சிவப்பு என்பதால் ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் சிவப்பு வர வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

அவள் கார் ஏறிப் போன பிறகு சேவுகன் பட்டன் டப்பாவை மூடி வைத்தார். ரவிக்கையின் உட்பக்கத்தை இதுவரை யாராவது திருப்பிப் பார்த்ததுண்டா என்று யோசித்தார். ஒருத்தரும் இல்லை. ரவிக்கை அமைந்துவிட்டால் அதைப் பற்றிப் பேச்சே இருக்காது. அமையாவிட்டால்தான் பேச்சு. இதுவரை அது அவருக்கு ஒரு பெருமையாகவே இருந்தது. அன்றைக்கு அப்படி இருக்கவில்லை.

முதல் விரிப்பு போயிற்று. வாரம் திரும்புவதற்குள் மீதி மூன்று அறைக்கும் வேண்டுமென்று சொல்லி அனுப்பினாள் சௌபர்ணிகா. தை பத்தாம் தேதிக்குப் பிரான்சிலிருந்து ஒரு கூட்டம் வருகிறது, அதற்குள் வேண்டும். புஷ்பவள்ளி இப்போது பாயில் உட்காருவதே இல்லை. மெஷினை ஜன்னலோரமாக நகர்த்திப் போட்டுக்கொண்டாள். ரவிக்கை கொடுக்க வருகிறவர்கள் கட்டங்களைப் பார்த்துவிட்டு அவளோடு நின்று பேசினார்கள். ஒரு நாள் அடுத்த தெரு தேனம்மை வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "அண்ணே, அக்கா இல்லையா? சரி, பெறகு வாரேன்" என்று போய்விட்டாள். அவள் கையில் தைக்க வேண்டிய துணி இருந்தது. அதை அவரிடம் கொடுத்துவிட்டே போயிருக்கலாம்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் புஷ்பவள்ளி கொப்புடையம்மன் கோயிலுக்குப் போனதும் சேவுகன் கடைக் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். அவளுடைய அட்டையை எடுத்தார். ஒன்பது துண்டு வெட்டினார். தனக்கே சிரிப்பு வந்தது, பத்து நிமிஷ வேலை. வரிசைகளைத் தைத்தார், இணைத்தார், விரித்துப் பார்த்தார். மூலைகள் சேரவில்லை. ஒரு மூலை ஒரு நூல் தள்ளி, இன்னொன்று இரண்டு நூல் தள்ளி. நடுச்சதுரம் கோணிக்கொண்டு நின்றது. பிரித்துவிட்டு மறுபடி தைத்தார். அப்போதும் சேரவில்லை. அவளுடைய கட்டத்தைத் திருப்பிப் பார்த்தபோதுதான் சூட்சுமம் தெரிந்தது. முதல் வரிசையின் தையல் மடிப்புகளை ஒரு பக்கமாகவும், அடுத்த வரிசையின் மடிப்புகளை எதிர்ப்பக்கமாகவும் சாய்த்து இஸ்திரி போட்டிருந்தாள். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் மடிப்பும் மடிப்பும் பூட்டிக்கொண்டு நகராது. இதை அவர் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அவளாகவே கண்டுபிடித்தாளோ, போனில் பார்த்தாளோ. தெரு முனையில் அவள் செருப்புச் சத்தம் கேட்பதற்குள் தன்னுடைய கட்டத்தை வெட்டுத்துணி மூட்டையின் அடியில் திணித்தார்.

வந்தவள் திருநீறு நீட்டினாள். நெற்றியைக் காட்டி வாங்கிக்கொண்டார். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இரண்டு விரிப்பு முடிந்து மூன்றாவதைத் தொடங்கும்போது சிவப்பு தீர்ந்துபோனது. கடைக்குப் போய் வாங்கி வர நேரமில்லை என்று புஷ்பவள்ளி சேவுகனிடம் கேட்டாள். மேல் அலமாரியில் ஒரு சிவப்பு லைனிங் துணி இருந்தது. நாலு மீட்டர் இருக்கும். அதை ஏன் அங்கே ஏற்றி வைத்திருந்தார் என்பது சேவுகனுக்கு மட்டும் தெரியும். போன வருஷம் அதிலிருந்து ஒரு துண்டு வெட்டி ஒருத்தியின் சந்தன நிற ரவிக்கைக்கு உள்ளே வைத்துத் தைத்து, முதல் துவைப்பிலேயே சாயம் இறங்கி ரவிக்கை முழுவதும் திட்டுத் திட்டாகிவிட்டது. புஷ்பவள்ளி அப்போது மகளின் பிரசவத்துக்காகத் திருப்பத்தூரில் இருந்தாள். அவளுக்கு அந்தக் கதை தெரியாது.

சேவுகன் ஸ்டூலில் ஏறி அதை எடுத்துக் கொடுத்தார்.

அவள் துணியை விரலில் கசக்கிப் பார்த்தாள். "அழுத்தமான செவப்பா இருக்கே. சாயம் நிக்குமா? ஒரு துண்டத் தண்ணியில போட்டுப் பாக்கட்டுமா?"

"அதெல்லாம் நான் பாத்துட்டேன்" என்றார் சேவுகன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாயிலிருந்து தானாக வந்தது. சொன்ன பிறகு மாற்றிச் சொல்ல நேரம் இருந்தது. அவள் அட்டையை வைத்துக் கோடு கிழிக்கும்வரை இருந்தது, கத்திரி வைக்கும்வரை இருந்தது, அடுத்த ஆறு நாளும் இருந்தது. ஒவ்வொரு நாளும் காலையில் காப்பி குடிக்கும்போது சொல்லிவிடலாம் என்று நினைப்பார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து மெஷினை மிதிக்கிற சத்தம் கேட்டதும் வாய் மூடிக்கொள்ளும். அவர் மனசுக்குள் ஒரு மூலை அந்த விரிப்புகள் தண்ணீரில் விழுகிற நாளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அப்படி ஒரு மூலை தனக்குள் இருப்பது அவருக்கே பயமாக இருந்தது.

நாலு விரிப்பும் பொங்கலுக்கு முன்னாலேயே மானகிரி போய்ச் சேர்ந்தன. மாட்டுப்பொங்கல் கழிந்த மறுநாள் சௌபர்ணிகா போன் செய்தாள். பிறகு டிரைவரிடம் ஒரு பை கொடுத்தனுப்பினாள். கட்டிலில் போடுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு தடவை அலசிவிடுவது அவர்கள் வீட்டு வழக்கம். வேலைக்கார மலையம்மாள் நாலையும் தனித்தனியாகத்தான் நனைத்திருக்கிறாள். இரண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மற்ற இரண்டில் நடுச்சதுரத்துச் சிவப்பு நாலு பக்கமும் வழிந்து, வெள்ளைத் துண்டுகள் எல்லாம் அடிபட்ட தோல் மாதிரி கன்றிப்போயிருந்தன. சௌபர்ணிகா கோபப்படவில்லை. தேதி தள்ள முடியாது, அக்காவால் முடியுமா, முடியாவிட்டால் வேறு ஏதாவது போட்டுச் சமாளித்துக்கொள்கிறேன் என்றாள்.

புஷ்பவள்ளி விரிப்பைத் தரையில் போட்டு அதன் முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். சேவுகன் எதிர்பார்த்த நாள் வந்துவிட்டது. ஆனால் எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை. தன்னைத்தான் நொந்துகொள்வாள், அதோடு ஓய்ந்துவிடும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். அவளோ மீதிச் சிவப்புத் துணியை ஒரு பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"எந்தக் கடையில வாங்குனீக இத? நாகநாதன் கடையா? நீங்க பாத்து வாங்குனதையே இப்பிடி ஏமாத்தியிருக்கான். வாங்க, நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டுட்டு வருவோம்."

போக வேண்டாம், சின்னக் கடைக்காரன், பழக்கப்பட்டவன் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அவள் செருப்பு மாட்டிவிட்டாள். தனியே போக விடுவது இன்னும் ஆபத்து என்று சேவுகனும் பின்னாலேயே போனார்.

நாகநாதனுடைய லைனிங் கடையில் கூட்டமில்லை. புஷ்பவள்ளி துணியை மேஜைமேல் வைத்து, குரலை உயர்த்தாமல், நடந்ததைச் சொன்னாள். தன் வீட்டுக்காரர் சாயம் பார்த்த பிறகும் இப்படி ஆகியிருக்கிறதென்றால் சரக்கு எவ்வளவு மோசம் என்று கேட்டாள். நாகநாதன் துணியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு சேவுகனைப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அண்ணே, இது போன வருசம் நீங்க கொண்டாந்து காட்டுன துணில்ல? அந்த லாட்டே சாயம் போகுதுன்னு நானும் ஒத்துக்கிட்டு வேற பீஸ் மாத்திக் குடுத்தேனே. இதத் தூரப் போட்டுருங்கன்னேன், சாக்குத் தைக்க ஆகும்னு நீங்கதான் எடுத்துட்டுப் போனீக."

சேவுகன் சீலிங் ஃபேனைப் பார்த்தார். புஷ்பவள்ளி அவரைத் திரும்பிப் பார்த்தது ஒரு கணம்தான். பிறகு அவள் நாகநாதனிடம் தப்பு எங்கள் பேரில்தான் தம்பி என்றாள். வேறு சிவப்பு எடுத்துப் போடச் சொன்னாள். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு, துணியின் முனையை நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து அழுத்தித் தேய்த்தாள். மூன்று துணியைத் தள்ளிவிட்டு நாலாவதை எடுத்துக்கொண்டாள்.

வீடுவரை அவள் முன்னால் நடந்தாள். வழியெல்லாம் சேவுகன் பதில்களைத் தயார் செய்தார். மறந்துவிட்டது. துணி மாறிவிட்டது. இருட்டில் நிறம் தெரியவில்லை. ஒவ்வொன்றும் நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்குள் வந்து அவள் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு நேராகப் பார்த்தபோது ஒன்றுகூட வாயில் நிற்கவில்லை.

"தெரிஞ்சேதான் குடுத்தீகளா?"

"ம்."

"தண்ணியில போட்டுப் பாக்கட்டுமான்னு கேட்டேன்ல?"

"கேட்ட."

"பெறகு ஏன்?"

சேவுகன் மெஷினின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். "எல்லாரும் உன்னையத் தேடி வாராக, வள்ளி. அதப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியல. வேற ஒண்ணுமில்ல."

அவள் அழவில்லை, சத்தம் போடவுமில்லை.

"இருவத்தெட்டு வருசமா எல்லாரும் உங்களத் தேடித்தான் வந்தாக. நான் அந்தா, அங்குட்டுத் தரையிலதான் உக்காந்திருந்தேன். எனக்கு வயித்தெரிச்சல் வராதுன்னு நெனச்சீகளா? வந்துச்சு. எத்தனையோ நாள் வந்துச்சு. ஒரு நாளாச்சும் உங்க துணியில கைய வச்சேனா?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, கறைபட்ட கட்டங்களின் தையலை பிளேடால் பிரிக்கத் தொடங்கினாள்.

இருபத்தெட்டுக் கட்டத்தில் நடுவும் வெள்ளைகளும் மாற்ற வேண்டும். மூலைத் துண்டுகளை மட்டும் காப்பாற்றலாம். நான் பிரித்துத் தரட்டுமா என்று சேவுகன் கேட்டார். வேண்டாமென்றாள். இரண்டாம் நாளும் வேண்டாமென்றாள். மூன்று நாள் அந்த வீட்டில் சோறு போடுகிற சத்தமும் மெஷின் சத்தமும் தவிர வேறு சத்தம் இல்லை. ரவிக்கைகளுக்கு அவரே கொக்கி கட்டினார். கட்டத் தெரியாமல் இல்லை, ஆனால் கழுத்து வலித்தது. நாலாம் நாள் காலையில் அவள் ஒரு குவியலை அவர் பக்கம் தள்ளினாள். தேதி நெருங்கிவிட்டது, அவ்வளவுதான்.

சேவுகன் தன் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டுப் பிரிக்க உட்கார்ந்தார். இரண்டு கல்யாண வீடுகளுக்குத் தாமதமாகும் என்று சொல்லி அனுப்பினார். அவர் தொழிலில் அப்படிச் சொன்னது அதுதான் முதல் முறை. பிளேடு நுனியால் ஒவ்வொரு தையலாக அறுக்கும்போது அவர் கண், தன்னை அறியாமல், அவள் வேலையில் ஒரு பிசகு தேடிக்கொண்டே இருந்தது. தையல் எல்லாம் ஒரே அளவு. முடிகிற இடத்தில் எல்லாம் சின்னதாக ஒரு திரும்பல், பிரிந்துபோகாமல் இருக்க. அந்தக் குவியல் முழுவதிலும் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அதை நினைத்தபோது தன்மேலேயே அவருக்கு வெறுப்பாக இருந்தது.

புதுச் சிவப்பை அவள் இரண்டு தடவை அலசிக் காயப்போட்டாள். கொடியில் அது காய்கிறபோது பக்கத்தில் ஒரு வெள்ளைத் துண்டையும் சேர்த்து முறுக்கிப் போட்டு வைத்திருந்தாள்.

தை ஒன்பதாம் தேதி இருவரும் டவுன் பஸ்ஸில் மானகிரி போனார்கள். மலையம்மாள் விரிப்புகளை அறைக்குக் கொண்டுபோய்க் கட்டிலில் போட்டாள். சௌபர்ணிகா வாசற்படியில் நின்று பார்த்து, தலையை ஆட்டினாள். அவளுக்கு ரொம்பத் திருப்தி. பிறகு, முன்னால் எங்கே தப்பு நடந்தது என்று சாதாரணமாகக் கேட்டாள்.

"துணிய நானே பாத்து எடுத்திருக்கணும், ஆச்சி" என்றாள் புஷ்பவள்ளி. "இனிமே நானே பாத்துக்குவேன்."

அடுத்த மாதத்துக்கு ஆறு தலையணை உறைக்குச் சொல்லி அனுப்பினாள் சௌபர்ணிகா. வெளியே வந்து, புளியமரத்து நிழலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சேவுகன் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். தன் பெயரைச் சொல்லாமல் விட்டதற்கு ஏதோ நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று அவருக்கு இருந்தது.

"உங்களைக் காப்பாத்தணும்னு சொல்லல" என்றாள் புஷ்பவள்ளி, வருகிற பஸ்ஸைப் பார்த்தபடி. "எம் புருசன் இப்பிடிச் செஞ்சாருன்னு சொல்ல எனக்குத்தான் வெக்கமா இருந்துச்சு."

பஸ்ஸில் கூட்டம். பெண்கள் பக்கத்தில் அவளுக்கு ஒரு இடம் கிடைத்தது. சேவுகன் இரண்டு வரிசை தள்ளிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் இருந்தவள் புஷ்பவள்ளியின் பையிலிருந்து எட்டிப் பார்த்த துணியை என்னவென்று கேட்டாள். மிஞ்சிப்போன ஒரு கட்டம். புஷ்பவள்ளி எடுத்து மடியில் விரித்தாள். முன் சீட்டுக்காரியும் திரும்பினாள். எப்படி மூலை இவ்வளவு சரியாகச் சேருகிறது என்று ஒருத்தி கேட்க, அவள் விரலால் மடிப்பைக் காட்டி விளக்கினாள்.

"ஒங்க வீட்டுக்காரரு டெய்லர்னு சொன்னீகளே, அவரு சொல்லிக் குடுத்ததா?"

புஷ்பவள்ளி திரும்பி அவரைப் பார்க்கவில்லை. "இல்ல, நானாத்தான் பழகுனேன்" என்றாள்.

உண்மைதான். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. இருந்தும் சேவுகனுக்குள் அந்தப் பழைய எரிச்சல் மறுபடி மெதுவாக ஏறியது. இந்தத் தடவை அது என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தது. கண்டக்டர் வந்து தோளைத் தட்டி டிக்கெட் கேட்டதும் காசை எடுத்துக் கொடுத்துவிட்டு, காரைக்குடி வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே நின்றார்.